மேலே தள்ளினால் புதுசு

சத்தம் போடுகிற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வாயடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான் அறவாழி. ஃபேன் நின்றது, ஏசி நின்றது, ஹாலில் ஃபிரிட்ஜும் நின்றது. மே மாதத்து மத்தியானம் இரண்டு மணிக்கு, சாலிகிராமத்தில், மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற வீட்டில் இதையெல்லாம் நிறுத்திவிட்டு உட்காருகிறவனைப் பைத்தியம் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது, பெண்டாட்டி வசுமதி அதைத்தான் சொன்னாள், பால் திரிந்தால் நீங்கள்தான் போய் வாங்கிவர வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னாள். ஃபிரிட்ஜை அணைத்த கையோடு ஸ்கூட்டர் சாவியை அதற்குள்ளேயே மாவுச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தான். சவுண்ட் வேலை பார்க்கிறவர்களுடைய பழக்கம் அது. யார் வீட்டிலாவது ஷூட்டிங் நடக்கும்போது ஃபிரிட்ஜின் உறுமலை நிறுத்துவார்கள், திரும்பப் போட மறப்பார்கள், மறுநாள் அந்த வீட்டு மீனும் கறியும் நாறிப்போய் வசவு வரும். சாவி உள்ளே இருந்தால் ஃபிரிட்ஜைத் திறக்காமல் கிளம்ப முடியாது அல்லவா. அப்படி முப்பது வருஷமாக ஊர் சத்தத்தையெல்லாம் அணைத்து அணைத்துச் சோறு தின்றவன் இவன், சவுண்ட் இன்ஜினியர், இன்றைக்குத் தன் வீட்டையே அணைத்துவிட்டுப் பனியனோடு உட்கார்ந்திருக்கிறான், எதிரே மேசைமேல் அந்தப் பெட்டி. கறுப்பு. செங்கல்லைவிடக் கொஞ்சம் அகலம். முகப்பில் ஒரே ஒரு திருகு, பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் எண்கள். கம்ப்யூட்டருக்குள் வெறும் எண்களாகக் கிடக்கிற குரலைச் சத்தமாக மாற்றி, அதை ஹெட்போனுக்குள் பலமாகத் தள்ளிவிடுகிற வேலை அதற்கு. அவ்வளவுதான் வேலை. விலை மூணே கால் லட்சம். மூணே கால் லட்சத்துக்கு அப்படி என்னத்தைத் தள்ளும் என்று வசுமதி கேட்டாள், அதைக் கண்டுபிடிக்கத்தான் ஃபேனை நிறுத்தியிருக்கிறேன் என்றான்.

ஸ்டூடியோ முதலாளி தணிகாசலம் நேற்று சாயந்திரம் போன் பண்ணினார். இப்போதெல்லாம் பாதிப் பேர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு செல்போனில்தான் படம் பார்க்கிறான், அதற்கென்று தனியாக ஒரு அறை போடுகிறேன், கடைக்காரன் ஒரு நாளைக்குத்தான் பெட்டியைத் தருவான், அஞ்சு மணிக்கு ஆள் வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவான், நீ கேட்டுப் பார்த்துச் சொல், நீ சொன்னால் வாங்குகிறேன், உன் காதைவிட எனக்கு வேறு சர்டிபிகேட் வேண்டாம். அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் மனுஷன். திங்கட்கிழமை காலையில்தான் அறவாழி வடபழனியில் ஒரு காது டாக்டரிடம் போய் வந்திருந்தான், யாருக்கும் சொல்லாமல், வங்கிக்குப் போகிறேன் என்று வசுமதியிடம் புளுகிவிட்டு. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்துக் கையில் ஒரு பித்தானைக் கொடுத்தார்கள், சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். முதலில் நன்றாகத்தான் கேட்டது, ஊம் ஊம் என்று, பிறகு கீச் கீச் என்று, பிறகு ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லாத இடத்தில் அவன் அமுக்கினான். எத்தனை விநாடிக்கு ஒரு தரம் சத்தம் விடுகிறார்கள் என்று தாளம் பிடித்துக்கொண்டு குத்துமதிப்பாக அமுக்கினான், ஐம்பத்தொரு வயசில், பரீட்சையில் காப்பியடிக்கிறவன் மாதிரி. வெளியே உட்கார்ந்திருந்த பெண் கதவைத் திறந்து, சார், சத்தம் வந்தா மட்டும் அமுக்குங்க என்றது. அந்தச் 'சார்' இன்னும் காதில் இருக்கிறது. கொடுத்த தாளில் கோடு பாதி வரைக்கும் சமதரையாகப் போய் நாலாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே, கீச்சுச் சத்தங்கள் இருக்கிற இடத்தில், படிக்கட்டில் உருண்டு விழுந்த மாதிரி இறங்கியது, இரண்டு காதுக்கும். வயசானால் எல்லாருக்கும் வருவதுதான், உங்கள் தொழிலில் சீக்கிரம் வந்துவிட்டது என்றார் டாக்டர். எல்லாருக்கும் வரலாம் டாக்டர், தையல்காரனுக்கு வரலாம், தாசில்தாருக்கு வரலாம், எனக்கு வரலாமா. ஒன்றாம் தேதி தணிகாசலம் ஸ்டூடியோவில் புதுப் படத்தின் மிக்சிங் ஆரம்பம், நாற்பது நாள் வேலை. அந்தத் தாள் இப்போது ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் ஆர்.சி. புக்குக்குள் மடிந்து கிடக்கிறது. அதனால் இன்றைக்குப் பெட்டியை விலை மதிப்பது ஒரு பேச்சுக்குத்தான். பழைய பெட்டிக்கும் இந்தப் பெட்டிக்கும் வித்தியாசம் கேட்டால் காது இருக்கிறது, கேட்காவிட்டால் இல்லை. வேறு கணக்கே கிடையாது.

ஒழுங்காகத்தான் செய்தான், தொழில்காரன் அல்லவா. பன்னிரண்டு வருஷமாக வைத்திருக்கிற பழைய பெட்டி இடப்பக்கம், ஒரு மூலை நசுங்கியது, மதுரை ஷூட்டிங்கில் யாரோ அதன்மேல் ஏறி நின்றதில். புதுசு வலப்பக்கம். இரண்டிலிருந்தும் ஒயர் இழுத்து, மேசைக்குப் பின்னால் ஒரு சின்ன சுவிட்சுப் பெட்டியில் சொருகி, அதிலிருந்து ஒரே ஹெட்போன். சுவிட்சை மேலே தள்ளினால் புதுசு, கீழே தள்ளினால் பழசு. இரண்டின் சத்தத்தையும் மீட்டர் வைத்து இம்மி பிசகாமல் சமப்படுத்தினான், ஏனென்றால் ஒரு துளி சத்தம் கூடினாலும் கூடின பக்கம்தான் காதுக்கு இனிக்கும், பெரிய பெரிய கொம்பன்களெல்லாம் அங்கேதான் சறுக்கி விழுந்திருக்கிறார்கள். எதைப் போட்டுக் கேட்பது என்பதில்தான் கொஞ்சம் நின்றான். பாட்டு வேண்டாம், பாட்டு மயக்கிவிடும். பேச்சு வேண்டும், தெரிந்த பேச்சு. பழைய ஹார்ட் டிஸ்கில் பதினாலு வருஷத்துக்கு முந்தைய ஒரு படத்தின் டப்பிங் கிடந்தது, வெட்டாமல் கொள்ளாமல் பதிவான பச்சைப் பதிவு, கதாநாயகிக்குக் குரல் வசுமதி. கல்யாணமாகி எட்டு மாசம் அப்போது. படம் பத்து நாள் ஓடியது. ஒரு பஸ் ஸ்டாண்டு சீன், கதாநாயகனை அனுப்பிவிட்டு அவள் மட்டும் நிற்பாள், 'நீ போ. நான் இருந்துக்கிறேன்' என்பாள், அந்த ஒரு வரிக்காகவே பேப்பரில் யாரோ பாராட்டி எழுதினார்கள். சுவிட்சைக் கீழே தள்ளினான். பழசிலிருந்து ஆரம்பிப்போம். நீ போ. நான் இருந்துக்கிறேன். சரி. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என்னவோ ஒரு மூடாக்கு, குரலுக்கும் தனக்கும் நடுவில் யாரோ வேட்டியைக் காயப்போட்டிருக்கிற மாதிரி. இத்தனை வருஷம் இதை வைத்துக்கொண்டா வேலை பார்த்தோம் என்று இருந்தது. அல்லது இது பெட்டியே இல்லை, காதுதான், படிக்கட்டில் உருண்ட அந்தக் கோடுதான், அப்படியானால் மேலே தள்ளினாலும் இதேதானே கேட்கும். மேலே தள்ளவே பயமாக இருந்தது. நெற்றி வியர்வை புருவத்தில் நின்று கண்ணுக்குள் இறங்கியது, துடைத்தான், இரண்டு நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தான், பிறகு எது நடந்தாலும் நடக்கட்டும் என்று மேலே தள்ளினான்.

அம்மாடி. குரல் வருவதற்கு முன்னால் அறை வந்தது. அந்த டப்பிங் அறையேதான், சுவரில் ஒட்டின கார்ப்பெட், கதவுக்கு மேலே எப்போதும் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்த அந்தப் பலகை, அதெல்லாம் கண்ணுக்குத்தானே தெரியும், காதுக்கு எப்படித் தெரிகிறது, தெரிந்தது. கஞ்சி போட்ட பருத்திப் புடவை, அவள் எடையை வலது காலிலிருந்து இடது காலுக்கு மாற்றுகிறாள், புடவை உரசுகிறது. வளையலைக் கழற்றிக் கீழே வைக்கிறாள், கண்ணாடி வளையல், மைக்குக்கு முன்னால் அது ஆகாது, இரண்டு, மூன்று, நாலு. வசனத் தாளைத் தொடுகிறாள். உதடு பிரிகிறது. அட, உதடு பிரிகிற சத்தம், ஈரம் விட்டுப் பிரிகிற அந்தச் சின்னச் சத்தம், இத்தனை வருஷத்தில் ஆயிரம் தரம் வெட்டி எறிந்திருக்கிறானே, குப்பை என்று, அது இவ்வளவு அழகாகவா இருந்தது. இருபத்தாறு வயசு வசுமதி இதோ, கைக்கெட்டுகிற தூரத்தில், மூச்சை இழுக்கிறாள், மூச்சு மூக்கிலிருந்து தொண்டைக்கு இறங்குகிற வழியெல்லாம் தெரிகிறது. மூடாக்கு இல்லை, வேட்டி இல்லை. கேட்கிறதடா, கேட்கிறது, எவன் சொன்னான் காது போய்விட்டதென்று, கூண்டுக்குள்ளே கீச் கீச்சென்று விட்டால் எவனுக்குத்தான் கேட்கும், மனுஷன் மூச்சு விடுவதைக் கேட்கவல்லவா காது. மூணே கால் என்ன, ஐந்து கொடுக்கலாம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவனுக்கு, வியர்வை என்று சொல்லிக்கொள்ளவும் தோன்றவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, சந்நிதியில் நிற்கிறவன் மாதிரி அசையாமல் கேட்டான். அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் அந்த இன்னொரு குரல் வந்தது.

கொசுவளவு குரல். எட்டாவது டேக்குக்கும் ஒன்பதாவது டேக்குக்கும் நடுவில். முதலில் தெருவில் யாரோ பேசுகிறார்கள் என்று நினைத்தான், ஹெட்போனை ஒரு பக்கம் தூக்கிப் பார்த்தான், தெரு சும்மா இருந்தது. பின்னால் தள்ளித் திரும்பப் போட்டான். வசுமதி காதில் மாட்டியிருந்த ஹெட்போனிலிருந்து கசிகிறது அது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இன்ஜினியர் சொல்வது அவள் காதுக்குப் போகும், காதுக்குள் போனதில் ஒரு பொட்டு வெளியே கசிந்து அவள் எதிரே இருக்கிற மைக்கில் விழும், வெட்டி எறிகிற குப்பையில் அதுவும் ஒன்று, யாரும் உட்கார்ந்து கேட்பதில்லை. இன்ஜினியர் யார்? இவன்தான். மூன்றாவது தரம் போட்டபோது வார்த்தை தெரிந்தது. "மேடம், மூச்சு வாங்குறதெல்லாம் வீட்ல வச்சுக்கலாம். இங்க டயலாக் மட்டும் போதும்." அதைத் தொடர்ந்து சிரிப்பு, மூன்று நாலு ஆண்பிள்ளைச் சிரிப்பு, அதில் ஒன்று டைரக்டருடையது, இருமலோடு முடிகிற சிரிப்பு, அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது, இங்கே இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார். ஸ்டூடியோவில் அவளை மேடம் என்றுதான் கூப்பிடுவான், பெண்டாட்டிக்குச் சலுகை காட்டுகிறான் என்று பேச்சு வரக்கூடாது, மற்றவர்களுக்கு ஒரு பங்கு கண்டிப்பு என்றால் அவளுக்கு இரண்டு பங்கு, அதில் ஒரு பெருமை வேறு. புதுசாகக் கல்யாணமானவன் பெண்டாட்டியைப் பார்த்து, நாலு ஆம்பிளைகள் நடுவில், மைக்கில். சொன்னது ஞாபகமே இல்லை அவனுக்கு. அதுதான் பயங்கரமாக இருந்தது. எவனோ ஒருத்தன் சொல்வதைக் கேட்கிற மாதிரி, அவள் காதுக்குள்ளே உட்கார்ந்து, அவளுக்கு எப்படிக் கேட்டதோ அப்படியே கேட்டான். சிரிப்பு அடங்கினது. அவள் எச்சில் விழுங்கினாள். ஒரு தரம், இன்னொரு தரம், இரண்டாவது தரம் பாதியில் தொண்டையில் நின்று பிறகு இறங்கியது. மூக்கை உறிஞ்சவில்லை, உறிஞ்சினால் மைக்கில் விழும் என்று அவளுக்குத் தெரியும், வாயால் மெதுவாக, மிக மெதுவாக, சத்தமே வராமல் மூச்சை விட்டாள், அழுகையை இப்படி ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் இறக்கிவைக்க முடியுமா ஒரு மனுஷியால். பிறகு ஒன்பதாவது டேக். நீ போ. நான் இருந்துக்கிறேன். அந்த டேக்தான் படத்தில் இருக்கிறது. அந்த டேக்குக்குத்தான் டைரக்டர் கை தட்டினார், பேப்பரில் எழுதினார்கள். முன்னால் இருந்த மூச்சையெல்லாம் இவன் கையாலேயே வெட்டி, ஓரத்தைத் தேய்த்து, சுத்தமாகக் கொடுத்தான்.

எத்தனை தரம் கேட்டான் என்று கணக்கில்லை, கேட்கக் கேட்க வெட்கம் ஒரு பக்கம், அதையும் மீறி அந்த வியப்பு, எப்படிப் பிடித்து வைத்திருக்கிறது பார், பதினாலு வருஷம் ஒரு எச்சில் விழுங்கலை, யாரும் கேட்காமல், அலமாரியில், பழைய கரண்ட் பில்லுகளோடு. இந்தப் பெட்டி வந்துதான் அதைத் திறந்துகாட்ட வேண்டியிருந்தது. போனை எடுத்துத் தணிகாசலத்துக்கு டைப் அடித்தான். வாங்கலாம் சார், தயங்கவே வேண்டாம், பழசுக்கும் இதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், ஒரே நிமிஷத்துல தெரிஞ்சுபோச்சு. அனுப்பின நிமிஷமே நீல டிக் விழுந்தது. கட்டைவிரல் ஒன்று வந்தது. உடனே கடைக்காரனிடம் சொல்லிவிடுகிறேன், ஆள் வந்து எடுக்க வேண்டாம், பெட்டி உன்னிடமே இருக்கட்டும் என்று பதிலும் வந்தது. மணி மூணே முக்கால். பெட்டி தொட்டால் சுடுகிற அளவுக்குச் சூடாகியிருந்தது, பாவம், அதுவும் இந்த வெயிலில்தானே இருக்கிறது, கொஞ்சம் ஆறட்டும் என்று பக்கவாட்டில் இருந்த பித்தானை அமுக்கினான். ஆரஞ்சு எண்கள் அணைந்தன. நீ போ என்றாள் வசுமதி. நான் இருந்துக்கிறேன் என்றாள்.

முதலில் அவனுக்கு உறைக்கவே இல்லை. அணைந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டு, அதிலிருந்து வருகிற மனைவியின் மூச்சைக் கேட்டுக்கொண்டு, பெட்டி என்றால் இதல்லவா பெட்டி என்றுகூட ஒரு கணம் நினைத்திருப்பான் போல. பிறகு கண் சுவிட்சுக்குப் போனது. நாற்காலியைத் தள்ளிவிட்டு மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பின்பக்கத்தைப் பார்த்தான். முன்னால் நின்றால் வலது, பின்னால் படுத்தால் அதுவே இடது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எல்லாப் பயலும் செய்கிற தப்பு, ஒயரை மாற்றிச் சொருகிவிட்டு ஏன் இப்படிக் கேட்கிறது என்று தலையைச் சொறிகிற தப்பு, முப்பது வருஷம் கழித்து அதைச் செய்திருக்கிறான். மேலே தள்ளினால் பழசு. கீழே தள்ளினால்தான் புதுசு. அப்படியானால் மூடாக்கு போட்டுப் பேசியது மூணே கால் லட்சம், சந்நிதியைத் திறந்துகாட்டியது மூலை நசுங்கின அந்தத் தகரம். படுத்த வாக்கில் சிரிப்பு வந்துவிட்டது அவனுக்கு, நல்ல சிரிப்பு இல்லை. ஸ்டூடியோவில் மேசைமேல் ஒரு திருகு உண்டு, எந்த ஒயரும் போகாத வெறும் திருகு. குரல் இன்னும் கொஞ்சம் இதமா வேணும்ப்பா என்று நச்சரிக்கிற டைரக்டருக்காக வைத்திருப்பது. நச்சரித்தால் அதைப் பிடித்து மெதுவாகத் திருப்புவான், ஆங், இப்பத்தான் சரி என்று அவர்கள் சாய்ந்து உட்காருவார்கள், அவர்கள் போனபிறகு டீ குடித்துக்கொண்டு அசிஸ்டெண்டுகளோடு சிரிப்பான். எத்தனை பேரைப் பார்த்துச் சிரித்திருப்பான். எழுந்து உட்கார்ந்து, ஒயரைச் சரியாக மாற்றி, பெட்டியை மறுபடி போட்டு, சத்தத்தைச் சமப்படுத்தி, கண்ணை மூடிக்கொண்டு எது எந்தப் பக்கம் என்று தெரியாதபடி சுவிட்சைப் பத்துப் பன்னிரண்டு தரம் ஆட்டி, பிறகு கேட்டான். மேலே, கீழே, மேலே, கீழே. புடவை இரண்டிலும் உரசியது. வளையல் இரண்டிலும் நாலுதான். கொசுக்குரல் இரண்டிலும் அதையேதான் சொன்னது. ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. இருக்கும், கட்டாயம் இருக்கும், இருபது வயசுப் பையன் எவனாவது உட்கார்ந்தால் உச்ச ஸ்தாயியில் காற்று இருக்கிறது, ஒளி இருக்கிறது என்று சொல்லுவான், அந்தக் காற்றும் ஒளியும் நாலாயிரத்துக்கு மேலே இருக்கிறது, அங்கே போக இவனுக்குப் படிக்கட்டு இல்லை. பெட்டி பிரமாதமானதாக இருக்கலாம், சுத்த ஏமாற்றாகவும் இருக்கலாம், சொல்வதற்கு இந்த அறையில் ஆள் கிடையாது.

ஆனாலும் அந்த எச்சில் விழுங்கல் பொய்யில்லையே. அதை இவன் கேட்டானே. எந்தப் பெட்டியும் காட்டவில்லை, மூணே கால் லட்சம் என்று நம்பி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான் அல்லவா, அதற்கு முன்னால் அப்படி ஒரு நாளாவது உட்கார்ந்திருப்பானா, யார் எதிரிலாவது. அந்தப் பழைய தகரத்துக்குள் எல்லாமே எப்போதும் இருந்திருக்கிறது.  எழுந்து போனோடு ஹாலுக்குப் போனான். வசுமதி நாற்காலியில் உட்கார்ந்து ஏதோ சீரியலுக்கு நாளைக்குப் பேசவேண்டிய மாமியார் வசனத்தைப் பென்சிலால் கோடு போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் எதிரிலேயே நின்றுகொண்டு தணிகாசலத்தைக் கூப்பிட்டான், எடுத்தவர் சந்தோஷமாக ஆரம்பித்தார், இவன் குறுக்கே விழுந்தான்.

"சார், நான் அனுப்பினதை நம்பாதீங்க. ஒயரை மாத்திப் போட்டுட்டு, பழசைக் கேட்டுப் புதுசுன்னு சொல்லிட்டேன். பெட்டி நல்லதா இல்லையான்னு சொல்ற காது இப்ப என்கிட்ட இல்ல. திங்கக்கிழமை டெஸ்ட் எடுத்தேன். ரெண்டு பக்கமும் போயிட்டிருக்கு. ஒண்ணாம் தேதிக்கு நீங்க வேற ஆளைப் பார்த்துக்கங்க."

தணிகாசலம், நேரில் வா பேசிக்கலாம் என்றார், எதுவானாலும் நேரில் பேசிக்கலாம் என்று இன்னொரு தரமும் சொல்லிவிட்டு வைத்தார். வசுமதி பென்சிலைத் தாளுக்கு நடுவில் வைத்து மூடினாள். எந்த டாக்டர், என்ன சொன்னார், மருந்து ஏதாவது உண்டா, மிஷின் வைக்க வேண்டுமா, அன்றைக்கு வங்கி என்று சொன்னது இதற்குத்தானா என்று வரிசையாகக் கேட்டாள், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று மட்டும் கேட்கவில்லை, அதைக் கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. உள்ளே வா என்று கூப்பிட்டான். நாற்காலியில் உட்காரவைத்து ஹெட்போனை அவள் தலையில் தானே மாட்டினான், எட்டாவது டேக்கின் முடிவிலிருந்து போட்டான். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். வளையலுக்கு லேசாகச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. ஒன்பதாவது டேக் முடிகிறவரைக்கும் அசையவில்லை, முடிந்தபிறகும் சற்று நேரம் மாட்டிக்கொண்டேதான் இருந்தாள். பிறகு கழற்றி, ஒயர் சிக்காமல், தொழில்காரிக்கே உள்ள பக்குவத்தோடு மேசைமேல் வைத்தாள்.

"எனக்கு இன்னிக்குத்தான் கேட்டுச்சு வசு," என்றான்.

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற மாதிரி, மெதுவாகத்தான் கேட்டாள்.

"அன்னிக்கு உங்களுக்கு நல்ல காதுதானே இருந்துச்சு?"

"இருந்துச்சு," என்றான்.